பழைய ஜெர்மன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால்

பழைய ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் ஒன்று விலைக்கு வந்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் வெளிப்பக்கத்தை முதலில் பார்ப்பதில்லை. கவிழ்த்து உள்ளே டார்ச் அடிப்பார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹெல்மெட் என்றால், இடப்பக்க உள்விளிம்பில் ‘ஈடி 64’ என்பது போல ஒரு முத்திரை எஃகிலேயே அழுந்தியிருக்கும். ஈடி என்பது ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் இருந்த தாலே இரும்பாலை. 64 என்பது கூட்டின், அதாவது ஹெல்மெட்டின் எஃகு ஓட்டின், அளவு. அந்தக் கூட்டுக்குள் 56 அல்லது 57 அளவுத் தோல் உள்ளுறைதான் உட்காரும். உள்ளே 60 அளவு உறை இருந்தால், யாரோ பிற்பாடு இரண்டு ஹெல்மெட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். இன்ன தளபதி அணிந்தது, இன்ன போரில் கிடைத்தது என்று விற்பவர் சொல்லும் கதையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலாம் உலகப் போருக்கு ஜெர்மன் சிப்பாய்கள் போனபோது தலையில் எஃகே கிடையாது. உச்சியில் கூர்முனை வைத்த பதப்படுத்திய தோல் தொப்பிதான். பதுங்குகுழிப் போரில் குண்டுகள் தலைக்கு மேல் வெடித்துச் சில்லுகளாகக் கொட்டின. பட்டாணி அளவுச் சில்லு ஒன்று மண்டையைத் துளைத்தாலே போதும், ஆள் தப்புவது அரிது. அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் இந்தக் காயங்களைப் பார்த்து எஃகுக் கவசம் வேண்டும் என்று வலியுறுத்த, ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் 1915-இல் வடிவமைப்பை எடுத்துக்கொண்டார். 1916 தொடக்கத்தில், பிரான்ஸின் வெர்டன் போர்முனையில் அது தலைக்கு ஏறியது.

இந்த ஹெல்மெட் துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்காது. ஒரு கிராம் எடையுள்ள சில்லு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 45 ஜூல். பிரிட்டிஷ் ரைஃபிள் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது சுமார் 3,000 ஜூல். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே தடிமனான எஃகு முதலாவதைச் சமாளிக்கும், நெருக்கத்தில் இருந்து வரும் இரண்டாவதைச் சமாளிக்காது. அதற்கும்கூட எஃகு கடினமாக இருந்தால் மட்டும் போதாது. வெறும் கடினம் என்றால் நொறுங்கிவிடும். அடி விழுந்த இடத்தில் உள்நோக்கிக் குழிந்து, அந்தக் குழிவிலேயே ஆற்றலைக் கரைக்க வேண்டும். குழிகிற எஃகு மண்டையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் கூட்டுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி. குதிரைமுடி அடைத்த மூன்று தோல் மெத்தைகள் அந்த இடைவெளியைக் காத்தன.

பிரிட்டிஷார் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். ஹாட்ஃபீல்டு எஃகு எனப்படும், சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ் கலந்த எஃகைக் குளிர்நிலையிலேயே அழுத்தினார்கள். அது அடி வாங்க வாங்க இறுகும் ரகம். ஆழமாக இழுக்க முயன்றால் அழுத்தும்போதே இறுகிக் கிழிந்துவிடும். அதனால்தான் அவர்களுடைய ஹெல்மெட் கவிழ்த்த தாம்பாளம் போல ஆழமில்லாமல் நின்றது. ஜெர்மானியர் நிக்கல் சேர்ந்த எஃகைச் சூடாக்கி, பல கட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தி, பிறகு வெப்பப் பதம் ஏற்றினார்கள். செலவும் நேரமும் அதிகம். ஆனால் காதும் பிடரியும் மறைந்தன. ஒரு காந்தத்தை எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஜெர்மன் கூட்டில் பச்சென்று ஒட்டும், ஹாட்ஃபீல்டு கூட்டில் ஒட்டாது.

1916 மாதிரியின் இருபுறமும் கொம்பு போல இரண்டு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுத் துளையும் அதில்தான், நெற்றிக்கு முன்னால் மாட்டும் கூடுதல் கவசத் தகடு தொங்குவதும் அதில்தான். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தத் தகட்டை எத்தனை பேர் விரும்பி மாட்டினார்கள் என்பது வேறு கதை! எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன நுணுக்கம். ஒரே தகடு எல்லா அளவுக் கூடுகளிலும் பொருந்த வேண்டும் அல்லவா? அதற்காகச் சிறிய கூடுகளின் குமிழை ஒரு படி வைத்து நீளமாகச் செய்தார்கள். குமிழைப் பார்த்தே கூடு சின்னதா பெரியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

1935-இல் வந்த மாதிரி சிறியது, எடை குறைந்தது, ஓரமும் குட்டை. காற்றுத் துளைக்குத் தனியே ஒரு குழல் ஆணி செருகியிருந்தார்கள். 1940 மாதிரியில் அந்த ஆணி போய், துளையின் விளிம்பு கூட்டிலேயே அச்சடிக்கப்பட்டது. 1942-இல் இன்னும் ஒரு வேலையைக் கழித்தார்கள். அதுவரை விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டி மடித்தவர்கள், அதை அப்படியே வெட்டி லேசாக வெளியே விரித்து விட்டுவிட்டார்கள். விரலால் விளிம்பைத் தடவினாலே எது என்று தெரியும். ஆக, விளிம்பு மடிக்காத கூட்டை ‘1939 போலந்துப் படையெடுப்பில் கிடைத்தது’ என்று ஒருவர் விற்றால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

போலிகள் அதிகம் குவிவது ஸ்வஸ்திகா, எஸ்எஸ் போன்ற நாஜிச் சின்னங்களில்தான். சின்னம் இருந்தால் விலை பல மடங்கு ஏறுகிறது. அசல் கூட்டில் புதுச் சின்னத்தை ஒட்டுவது கூட்டையே புதிதாகச் செய்வதைவிடச் சுலபம். இந்த மோகமே எனக்கு உவப்பாக இல்லை. சின்னமில்லாத கூட்டில்தான் பார்க்க நிறைய இருக்கிறது. சரி, சோதிப்பது எப்படி? பழைய சின்னங்களில் நிறம் முழுப் பரப்பாக அச்சாகியிருக்கும். இன்றைய அச்சுப்பொறி நிறத்தைப் புள்ளிகளால் கட்டுகிறது. பத்து மடங்கு லென்ஸில் புள்ளிகள் தெரிந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. புற ஊதா டார்ச்சில் உள்ளுறைத் தையல் நூல் பளீரென நீலவெள்ளையாக மின்னினால் அதுவும் சந்தேகத்துக்கு இடம். நூலை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்ப்பொருள்கள் போருக்குப் பிறகே பரவலாயின. ஆனால் அசல் நூலையே யாராவது பிற்காலத்தில் சோப்புத்தூளில் அலசியிருந்தால் அதுவும் மின்னும். ஒரே சோதனையை நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது.

துருவையும் போலியாக ஏற்றுகிறார்கள், அமிலம் தடவியோ உப்புத் தண்ணீரில் போட்டோ. புதுத்துரு பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், விரலில் பொடியாக ஒட்டும். ஆண்டுகள் போகப் போக அதில் உள்ள சேர்மங்கள் கோயெதைட் போன்ற நிலையான வடிவங்களுக்கு மாறி, அடர்பழுப்பாகக் கெட்டிப்படும். இன்னொன்று, துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால் பழைய கூட்டில் அது பெயின்ட்டை அடியிலிருந்து கொப்புளமாகத் தூக்கும். அவசரத் துரு மேலே பூசியது போலத்தான் கிடக்கும்.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ஹெல்மெட்டுக்குச் சிக்கல் வேறு. துருவின் துளைகளுக்குள் குளோரைடு உப்பு தங்கியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அது மறுபடி வேலையைத் தொடங்கி, அலமாரியில் வைத்த பிறகும் செதில் செதிலாக உதிரும். அருங்காட்சியகங்களில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி உப்பை வெளியே இழுக்கிறார்கள். பிறகு நன்றாக உலர்த்தி மெழுகு பூசுகிறார்கள். காரக் கரைசல் வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. வீட்டில் முடிந்தது, ஈரம் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைப்பது. கம்பி பிரஷ்ஷைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். துருவோடு அந்த ‘ஈடி 64’ முத்திரையும் போய்விடும்.