அஞ்சாதவரும் அச்சத்தை நோக்கிப் பாய்பவரும்: எனியாகிராமின் எட்டையும் ஆறையும் பிரித்தறிதல்

மனிதர்களை ஒன்பது ஆளுமை வகைகளாகப் பிரித்து எண் கொடுக்கும் சட்டகம் எனியாகிராம். கைப்பேசியில் அதற்கான ஒரு வினாத்தாளை நிரப்பிவிட்டு, “நான் எட்டாம் வகை”, அதாவது எதற்கும் அஞ்சாத வகை, என்ற தீர்ப்போடு ஆலோசனைக்கு வருபவர்களைப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளிலிருந்து இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அண்மையில் வந்தவர் விசைப்படகு ஓட்டுபவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் அதிகாரிகளை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்பவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். “எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது சார், தூக்கம் மட்டும் வந்தாப் போதும்” என்றார். உடன் வந்திருந்த மனைவி, “கடலுக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி பூரா இவுக எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிறாக சார்” என்றார். ஏதோ ஒரு பயிற்சி முகாமில் அவருக்கு எட்டு என்று எண் கொடுத்து, அதுவே அவருடைய இயல்பு, மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேசப் பேச வெளிப்பட்டவையோ பெரும்பாலும் அச்சத்தை மையமாகக் கொண்ட ஆறாம் வகையின் அடையாளங்கள். இதே குழப்பத்தை இத்தனை முறை சந்தித்த பிறகு எழுதாமலிருக்க முடியவில்லை.

எனியாகிராம் என்பது ஒன்பது முனைகள் கொண்ட ஒரு வடிவம். அதை ஆன்மிக ஆசிரியர் குர்ஜீஃப் 1916 வாக்கில் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோவும் சிலியைச் சேர்ந்த உளமருத்துவர் கிளாடியோ நரஞ்சோவும் 1970-களில் அதை ஆளுமை வகைகளாக வளர்த்தெடுத்தனர். தன்னைக் கவனிக்க உதவும் சட்டகம் என்ற அளவில் நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மருத்துவ நோயறிதல் ஆகாது; அதற்கான ஆய்வுச் சான்றுகளும் வலுவானவை அல்ல. இதைச் சொல்லாமல் எண் கொடுக்கும் எவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணம், குரலை உயர்த்துபவர் எட்டு, தயங்குபவர் ஆறு என்பதுதான். எனியாகிராம் நடத்தையை அளப்பதில்லை. நடத்தைக்குப் பின்னால் நின்று இயக்கும் காரணத்தைத்தான் தேடுகிறது. ஆறாம் வகையின் மையத்தில் இருப்பது அச்சம். அச்சம் கொண்ட எல்லோரும் ஒதுங்கி நிற்பதில்லை. அஞ்சுவதையே தேடிச் சென்று மோதும் மனப்போக்கை உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ஃபெனிகல் 1939-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆறாம் வகையில் அவ்வாறு பாய்பவர்கள் பார்வைக்கு அப்படியே எட்டாம் வகையினரைப் போலத் தெரிவார்கள். ஒரே மனிதர் காலையில் பாய்ந்துவிட்டு மாலையில் பதுங்குவதும் உண்டு. நம் கரையில் இந்தக் குழப்பம் கூடுதலாகவே நேரும். பயம் என்று வாய்விட்டுச் சொல்வது ஆணுக்கு இழுக்கு என்று சிறு வயதிலேயே கற்பிக்கப்படும் ஊர்களில், உள்ளே நடுங்குபவனும் வெளியே உரத்துப் பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கடல் எல்லையில் சிறைபிடிக்கப்படுவோமோ, டீசல் கடன் அடையுமோ என்ற கவலைகளுக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த ஆளுமை வகையின் கணக்கிலும் எழுதக் கூடாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? கோபத்தைப் பார்க்காதீர்கள்; அதற்கு முந்தைய நாளையும் அடுத்த நாளையும் பாருங்கள். எட்டாம் வகையினரின் கோபம் ஒத்திகையின்றி எழுந்து, கொட்டித் தீர்ந்ததும் அடங்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்கிவிடுவார்கள். ஆறாம் வகையினர் என்ன பேசுவது என்று முந்தைய இரவே மனத்துக்குள் பலமுறை பேசிப் பார்த்திருப்பார்கள். பேசி முடித்த பிறகோ, “நான் பேசுனது சரிதானே மாப்ளே” என்று ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதைக் கவனிக்க நல்ல வாய்ப்பு. இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, இன்னொரு பருவம் ஓட்டிப் பார்ப்பதா என்ற கேள்வி வந்தால் எட்டு முடிவெடுத்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்லும். ஆறு மெக்கானிக்கிடமும் மச்சானிடமும் பழைய முதலாளியிடமும் கருத்துக் கேட்டு, அவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னதும் குழம்பி, கடைசியில் ஐயம் எழுப்பியவர் மீதே சீறும். அதிகாரத்தோடு உள்ள உறவும் வேறு. எட்டு அதிகாரியைப் பொருட்படுத்தாமல் தன் வழியில் போகும். ஆறு எதிர்த்து நிற்கும்போதும் அவர் தனக்கு ஆதரவா பகையா என்பதிலேயே கண்ணாக இருக்கும். நெருக்கடி முற்றினால் எட்டு பேச்சைக் குறைத்துத் தனித்து ஒதுங்கும்; ஆறு ஓயாமல் ஏதாவது செய்துகொண்டு, எல்லாம் நன்றாக நடப்பதாகக் காட்டிக்கொள்ளும்.

இவற்றில் ஒன்று பொருந்தியதாலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. பலமுறை பேசிய பின்னரும் நான் எண்ணைச் சொல்லத் தயங்குவதுண்டு.

எண் மாறினால் அறிவுரையும் மாறுகிறது. எட்டுக்கு, நம்பிக்கையானவர் ஒருவரிடமாவது தன் தளர்ச்சியைக் காட்டப் பழகுவது நல்லது. ஆறுக்கு, தன் தீர்மானத்தைத் தானே நம்பப் பழகுவதும், பயத்தைப் பயம் என்றே ஒப்புக்கொள்வதும் நல்லவை. ஆறை எட்டு என்று அழைத்துவிட்டால், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே அவர் மேலும் துணிவார். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் “போய்ப் பார்ப்போம்” என்று முதலில் சொல்பவராக அவர் மாறுவதை நான் விரும்பவில்லை.

ஆகவே சிலவற்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரே ஒரு இணைய வினாத்தாளை வைத்து உங்களை முடிவு செய்யாதீர்கள். மனைவிக்கோ கணவருக்கோ நீங்களாக எண் சூட்டாதீர்கள். ஆசிரியர்களே, வளரும் பிள்ளைகள் மீது இந்த முத்திரையைக் குத்தாதீர்கள். பயிற்சி நடத்துபவர்கள், அரை நாளில் ஒருவருடைய வகையை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, உறங்குவதற்காகவே குடிக்கத் தொடங்கினாலோ, எண்களை ஒதுக்கிவிட்டு இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்து வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் எட்டா ஆறா என்று சொல்லிக்கொண்டிருக்காமல், எந்த நேரத்தில் விழிப்பு வருகிறது, எத்தனை நாளாக, அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லுங்கள்.