சின்ன ஸ்டெப்னிக்கு ஏன் 60 பிஎஸ்ஐ காத்து?

போன மாசம் திண்டிவனம் தாண்டி மச்சான் கார்ல பின் டயர் பஞ்சர், டிக்கிய தொறந்து மேட்டை தூக்கினா உள்ள ஒல்லியா ஒரு ஸ்டெப்னி, மாட்டி ஜாக்கிய இறக்கினதும் அது அப்படியே அமுங்கி உக்காந்துடுச்சு. மறுபடி கழட்டி பக்கத்து பஞ்சர் கடைக்கு கையாலயே உருட்டிட்டு போனோம். "60 வைங்கண்ணே"ன்னா, "காருக்கா? வெடிச்சிரும் சார், 32 போதும்"ங்கறாரு. சைடுல இருந்த மண்ண தொடச்சு காட்டினேன், 60 பிஎஸ்ஐன்னு ரப்பர்லயே அச்சு இருந்துச்சு, பார்த்துட்டு மெதுவா வெச்சு குடுத்தாரு. அவர் மேல தப்பில்ல, நாள் முழுக்க 30, 32, 35ன்னு வெச்சு பழகின கை அது.

ஆனா இந்த 60 தான் சின்ன ஸ்டெப்னியோட உயிரே. காரோட எடைய தாங்கறது பெரும்பாலும் ரப்பர் இல்ல, உள்ள அடைச்சிருக்கற காத்து. ஒரு வீல் மேல 400 கிலோ உக்காருதுன்னு வைங்க. சாதா டயர்ல 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ, அப்போ ரோட்டை தொடற இடம் கிட்டத்தட்ட 170 சதுர சென்டிமீட்டர், நம்ம உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவுன்னு சொல்லலாம். ஸ்டெப்னில அவ்ளோ அகலமும் இல்ல, காத்துக்கு இடமும் கம்மி, அதனால அழுத்தத்த ஏத்தி ஈடு கட்றாங்க, 60 பிஎஸ்ஐன்னா சுமார் 4.2 கிலோ, தொடற இடம் 95 சதுர சென்டிமீட்டருக்கு சுருங்கிடும். அதுலயே 32 வெச்சு ஓட்டினா சைடு பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும், 80 கிமீ வேகத்துல செகண்டுக்கு 12 தடவ. கம்பிய வளைச்சு வளைச்சு நிமித்தினா சூடாகுதுல்ல, அதே கதை தான், சூடேறி உள்ள இருக்கற அடுக்கு பிரிய ஆரம்பிச்சா நடு ரோட்டுல கிழிஞ்சுடும். வெடிச்சிரும்னு அவர் பயந்தது 60க்கு, உண்மையா பயப்பட வேண்டியது 32க்கு.

சரி, காத்து கரெக்டா இருந்தா நார்மலா ஓட்டலாமான்னா, கூடாது. தொடற இடம் பாதியாகறப்போ பிடிமானமும் குறையுது, பிரேக் அடிச்சா வண்டி நிக்க கூட தூரம் எடுக்கும், வளைவுல சீக்கிரம் வழுக்கும். பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் இருக்கேன்னு சில பேர் தைரியமா போறாங்க, ஏபிஎஸ் இருக்கற பிடிமானத்த ஒழுங்கா செலவு பண்ணும், இல்லாதத உண்டாக்காது. மழைல இன்னும் கவனம் வேணும், ஒல்லி டயர் தண்ணிய கிழிச்சிட்டு போகும்ங்கறது ஓரளவு உண்மை தான், ஆனா இதுல பட்டன், அதாவது டயர் மேல இருக்கற வெட்டு, ஆழம் கம்மி, தேங்கின தண்ணி வெளிய போக வழி பத்தாது. அதான் 80 கிமீ வேகத்துக்கு மேல போகாதேன்னு சைடுலயோ ரிம் ஸ்டிக்கர்லயோ 80ன்னு பெருசா போட்டிருக்கான்.

யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு, டிஃபரன்ஷியல், இன்ஜின் ஓட்டற ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கர பெட்டி. அந்த ரெண்டுல ஒண்ணுல ஸ்டெப்னிய மாட்டினா தான் இந்த கதை. 185/65 ஆர்15 சைஸ் டயர் போட்ட கார்ல டயர் உயரம் 621 மில்லிமீட்டர் வரும், கிலோமீட்டருக்கு 512 சுத்து. அதே 15 இன்ச் ரிம்ல 125/80 சைஸ் ஸ்டெப்னி போட்டா உயரம் 581 தான், 548 சுத்து சுத்தணும். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 7 சதவீதம் வித்தியாசம். சாதாரணமா இந்த மாதிரி வித்தியாசம் திரும்பும்போது தான் வரும், அப்போ மட்டும் டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற சின்ன பல்சக்கரங்க சுத்தி சரி பண்ணும். கணக்கு போட்டு பாத்தேன், இந்த 7 சதவீதம்ங்கறது 22 மீட்டர் ஆரத்துல வட்டம் அடிக்கறதுக்கு சமம்! நீங்க நேர் ரோட்டுல போறீங்க, உங்க டிஃபரன்ஷியல் மணிக்கணக்கா ரவுண்டானா சுத்திட்டு இருக்கு.

அதனால தான் முன் வீல் ஓட்டற கார்ல முன்னாடி பஞ்சர்னா, பின்னாடி இருக்கற நல்ல வீல கழட்டி முன்னாடி போட்டு, ஸ்டெப்னிய பின்னாடி மாட்டச் சொல்றாங்க. ரெண்டு தடவ ஜாக்கி போடணும், வெயில்ல கடுப்பா தான் இருக்கும், ஆனா இழுக்கறது, திருப்பறது, பிரேக்ல பெரும்பங்கு எல்லாமே முன் வீல் தான். உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு ஒருவாட்டி பாத்துக்கோங்க, நாலு வீலும் ஓட்டற வண்டிக்கு விஷயமே வேற.

ஸ்டெப்னிங்கற பேரே வேல்ஸ்ல லனெலிங்கற ஊர்ல இருக்கற ஸ்டெப்னி தெருவுல இருந்து வந்தது. 1904ல அங்க டேவிஸ் சகோதரர்கள் கண்டுபிடிச்சது முழு வீல் கூட இல்ல, கம்பி இல்லாத ஒரு வட்டமும் டயரும், பஞ்சரான வீல் மேலயே கவ்வி மாட்டிட்டு அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டறதுக்கு. இன்னிக்கு இருக்கற சின்ன ஸ்டெப்னியும் அதே வேலைக்கு தான், நாம தான் அத மாட்டிட்டு மதுரை வரைக்கும் போறோம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என் வண்டி டிக்கியயும் தொறந்து பாத்தேன். கேஜ் வெச்சா 22. சைடுல 1113ன்னு நாலு நம்பர், அதாவது 2013, 11வது வாரம் செஞ்சது. மத்த நாலு டயரையும் ரெண்டு தடவ மாத்தியாச்சு, இது மட்டும் ஒரு கிலோமீட்டர் கூட ஓடாம பட்டன் எல்லாம் புதுசா, ஆனா சைடுல நகத்தால அழுத்தினா முடி மாதிரி வெடிப்பு தெரியுது. 10 வருஷத்துக்கு மேல போன டயர, ஸ்டெப்னியா இருந்தாலும் மாத்திடுங்கன்னு டயர் கம்பெனிங்களே சொல்றாங்க, நான் புதுசு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.