பச்சை மூடி, மஞ்சள் சதுரம்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவரை நண்பகலில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து செடிக்கு மருந்தடித்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை, வாயோரம் எச்சில் வடிகிறது, கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. என்ன மருந்து என்று கேட்டேன். "பச்சை டப்பாங்க சார், அது ஒண்ணும் பண்ணாதுங்களே" என்றார் அவர் மனைவி.

கண்ணையும் எச்சிலையும் பார்த்தே, இந்த வகை நஞ்சுக்கு மாற்றான அட்ரோபின் ஊசியைத் தொடங்கிவிட்டோம். மகன் வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீடான சாளைக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்தான். பச்சையாக இருந்தது மூடிதான். லேபிளில் இருந்த சதுரத்தின் நிறம் மஞ்சள்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அம்மா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை, நிறத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்த இடம்தான் வேறு.

பூச்சிக்கொல்லி டப்பாவின் லேபிளில் முனையில் நிற்கிற மாதிரி சாய்ந்த ஒரு சதுரம் இருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி அது லேபிள் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. பழைய கணக்கில் வீசம். சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம்தான் நஞ்சின் அளவைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அதற்கடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. மண்டையோடும் எலும்பும் சிவப்புக்கு மட்டும்தான் உண்டு. மஞ்சளில் 'பாய்சன்' என்ற எழுத்து இருக்கும், மண்டையோடு இருக்காது. அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்காதவருக்கு மஞ்சள் சாதுவாகத் தெரிகிறது.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். ஈரோட்டைச் சுற்றி மஞ்சளை விளைவித்து, பிள்ளையாரையே மஞ்சளில் பிடித்து வைக்கிறவர்கள் நாம். அந்த நிறத்தைக் கண்டு எந்தக் கை பின்வாங்கும்? பச்சையும் அப்படித்தான், பயிரின் நிறம். பச்சைச் சதுரம் என்றால் மற்றவற்றைவிட நஞ்சு குறைவு என்றுதான் பொருள், நஞ்சே இல்லை என்று பொருள் அல்ல. போதாததற்கு, எல்லாவற்றையும் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பூச்சியைக் கொல்வதும் மருந்து, காய்ச்சலுக்கு நான் எழுதித் தருவதும் மருந்து. வீட்டுக் குழந்தைகளிடமாவது இதை விஷம் என்றே சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மீந்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுப்பது. சதுரம் டப்பாவோடு நின்றுவிடுகிறது, விஷம் மட்டும் ஊர் சுற்றுகிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

மருந்தடிக்கும்போது யாருக்காவது தலை சுற்றினால், வாந்தி வந்தால், கண் மங்கினால் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த துணியைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். வரும்போது அந்த டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள், லேபிள் கிழியாமல்.