தலைப்பிரட்டைகள் எங்கே போகின்றன?

இரவெல்லாம் மழை கொட்டினால், சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்களில் உள்ள அல்லிக் குளங்களில் மறுநாள் காலை கறுப்பு மணி கோத்த கண்ணாடிச் சரங்கள் கிடப்பதைப் பார்க்கலாம். அவை ஆசியத் தேரையின் முட்டைகள். ஒரு தேரை ஆயிரக்கணக்கில் இடும். சில நாளில் குளத்தோரம் தலைப்பிரட்டைகளால் கறுத்துவிடும். சில வாரங்களில் ஒன்றையும் காணோம். யாரோ மருந்தடித்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் தின்றவர்கள் குளத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

முதல் ஆள் தட்டான். மேலே பறக்கும் அழகியல்ல, சேற்றில் பதுங்கியிருக்கும் அதன் இளம்பருவம். அதன் கீழுதடு முகத்துக்கு அடியில் மடிந்திருக்கும். இரை நெருங்கியதும், நாம் கண் சிமிட்டுவதற்குள் அது நீண்டு, நுனிக் கொக்கிகளால் கவ்வி இழுத்துவிடும். தலைப்பிரட்டையும் சும்மா இருப்பதில்லை. தட்டான் இருக்கும் நீரின் வாடையை மட்டும் உணர்ந்தே சில இனங்கள் வால்துடுப்பை அகலமாக வளர்த்துக்கொள்கின்றன. கவ்வினாலும் கிழிவது வால்தான், தலை தப்பும்.

அடுத்தது மீன். டெங்கிக்குப் பயந்து கொசுப்புழுவைத் தின்ன கப்பி, அதாவது நம் ஊர் லோங்காங் மீனை விடுகிறோம். குறை சொல்ல முடியாது. ஆனால் கப்பிக்குக் கொசுப்புழுவும் சின்னத் தலைப்பிரட்டையும் ஒன்றுதான். தேரைக் குஞ்சுகளின் தோலில் நஞ்சு இருப்பதால் பல மீன்கள் வாயில் வைத்ததுமே துப்பிவிடுகின்றன. மரத்தவளைக்கு அந்தக் காப்பு இல்லை. அது நீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்ததும் குஞ்சுகள் நீரில் சொட்டும். மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி உள்ள தலைப்பிரட்டைகள் தென்பட்டால் அவை இதனுடையவை. மீன் நிறைந்த குளத்தில் அவற்றைத் தேட வேண்டாம்.

இத்தனைக்கும் தப்பியவற்றுக்கு மிக ஆபத்தான கட்டம் இனிமேல்தான். உருமாற்றத்தை முடுக்குவது தைராய்டு சுரப்பு. 1912இல் குடர்னாட்ச் என்ற ஆய்வாளர் தைராய்டுச் சுரப்பியை இரையாகக் கொடுத்ததும் தலைப்பிரட்டைகள் உரிய காலத்துக்கு முன்பே, மிகச் சிறிய உருவிலேயே, தவளைகளாகத் தொடங்கின. பாசி தின்னச் சுருண்டு நீண்டிருந்த குடல், பூச்சி தின்ன ஏற்றபடி வெகுவாகக் குறுகும். வாய் உருமாறும் அந்த நாள்களில் அது இரை எடுப்பதில்லை. கரையும் வாலே அதற்கு உணவு. நான்கு கால், பாதி வால்: நீந்தவும் முடியாது, தாவவும் முடியாது. பாம்புகளின் வயிற்றை ஆராய்ந்தபோது, இந்தக் கட்டத்துத் தவளைகளே அளவுக்கு மிஞ்சி அகப்பட்டிருந்தன.

செவுள் மறைந்து நுரையீரலுக்கு மாறியவை வெளியேற வழியின்றி மூழ்கியும் சாகும். நம் மெருகிட்ட பீங்கான் தொட்டிகளில் இது சகஜம். உள்ளே சாய்வாக ஒரு கல்லோ, சொரசொரப்பான மரத்துண்டோ வைத்தால் போதும். வெளியே, தொட்டியைச் சுற்றி ஈரச் சருகு கொஞ்சம் கிடக்கட்டும். விரல் நகத்தைவிடச் சிறிய குட்டித் தேரை, வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் வெகுநேரம் தாங்காது. ஆனால் மற்ற தட்டுகளிலும் வாளிகளிலும் தேங்கும் நீரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். தலைப்பிரட்டைகளை நம்பிக் கொசுவை ஒழிக்க முடியாது.