நரம்பு வழியே ஏறும் நோய்

தொப்புளைச் சுற்றி 14 ஊசி. நாய் கடித்ததைவிட இந்த ஊசிக்குப் பயந்து வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள் முன்பெல்லாம் ஏராளம். வெறிநாய்க்கடியால் வரும் ரேபிஸ் நோயைத் தடுக்க, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. அதைக் கைவிட்டு இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இப்போது கையில் போடும் நாலைந்து ஊசிதான். பயம் மட்டும் இன்னும் தொப்புளை விட்டு நகரவில்லை.

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டியர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட ஏற்பாடு செய்தபோது, வெறிநாய் அவனைக் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். தடுப்பூசி என்றால் நோய்க்கு முன்னால் போடுவதுதானே? கிருமி உள்ளே போன பிறகு போட்டும் பையன் எப்படிப் பிழைத்தான்?

விடை, ரேபிஸ் வைரஸ் போகும் பாதையில் இருக்கிறது. பல கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவும். இது ரத்தத்தை நாடுவதில்லை. கடிபட்ட இடத்துத் தசையில் சில நாளோ, சில வாரமோ தங்கும். பிறகு அருகிலுள்ள நரம்பு முனையில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும். நரம்பு இழைக்குள் சரக்கு ஏற்றி இறக்க உடம்பு வைத்திருக்கும் வண்டியிலேயே ஏறி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தண்டுவடம் நோக்கிப் போகும். அதனால்தான் கடித்த பிறகு நோய் தெரியப் பொதுவாக 2, 3 மாதம் ஆகிறது. காலில் கடித்தால் பெரும்பாலும் அவகாசம் அதிகம். முகத்தில், கழுத்தில், அதுவும் குழந்தைக்குக் கடித்தால் குறைவு.

இந்த அவகாசம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. வைரஸ் மூளையை எட்டி அறிகுறி தொடங்கிவிட்டால், அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தொண்டைத் தசை இறுகி, தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே துடிப்பார்கள். மின்விசிறிக் காற்று பட்டாலும் அதே துடிப்புதான். மூளையிலிருந்து வைரஸ் மறுபடி நரம்பு வழியாகவே எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. விழுங்க முடியாததால் எச்சில் வாயிலேயே தேங்குகிறது. அடுத்த உயிருக்குத் தாவ வைரஸுக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, கடித்துவிட்டது. முதலில் குழாயடிக்குப் போங்கள். வைரஸின் மேலே கொழுப்பு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைப் போலவே அதையும் சோப்பு கரைத்துவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்தபோது பாட்டி ஓடிவந்து சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பினார். மிளகாய்த் தூள் வைப்பவர்களும் உண்டு. புண்ணை எரிச்சலாக்குவது தவிர அதனால் வேறு பயன் கிடையாது. மந்திரித்துக் கயிறு கட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே வீணாவது நேரம்.

அப்புறம் ஆஸ்பத்திரி. தடுப்பூசி போட்டதும், கிருமியை மறிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் உடனே உருவாகிவிடாது. ஒரு வாரமாவது ஆகும். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் அந்த இடைவெளியை நிரப்ப ‘இம்யூனோகுளோபுலின்’ என்ற தயார்நிலை எதிர்ப்பொருளைப் புண்ணுக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். விரல் நுனியில் என்றால் வலிக்கும்தான். ஆனால் நரம்புக்குள் நுழைந்த வைரஸை எதிர்ப்பொருளால் எளிதில் பிடிக்க முடியாது. வாசலிலேயே மறிக்க வேண்டும். புண்ணை அவசரப்பட்டுத் தைக்காததும் இதனால்தான்: வைரஸை நாமே ஆழத்துக்குத் தள்ளிவிடக் கூடாது.

கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வதிலும் இதே கணக்குதான். நாயின் எச்சிலில் வைரஸ் இருந்தால் அது ஏற்கெனவே மூளையை எட்டிவிட்டது என்று பொருள். அந்த நாய் 10 நாளுக்குள் செத்துவிடும். அதுவரை காத்திருந்து ஊசி போடலாம் என்று நினைக்காதீர்கள். ஊசியை அன்றே தொடங்கிவிட வேண்டும்.

வெறி என்றதும் நுரை தள்ளி ஓடும் நாயைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். சில நாய்கள் சத்தமில்லாமல் மூலையில் ஒடுங்கும். தாடை தொங்கும், எச்சில் வழியும், சாப்பிடாது. தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுபவர் பெரும்பாலும் அதை வளர்ப்பவர்தான். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தடுத்த ஊசி என்று விடாமல் போட்டுவந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது. பூனைக்கும் இது வேண்டும். நிறைய வீடுகளில் பூனையை மறந்துவிடுகிறார்கள்.

ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். முழுசாகப் போட்டு முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் பொதுவாக இரண்டே ஊசிதான். புண்ணைச் சுற்றிக் குத்தும் அந்த வலி ஊசி கிடையாது.