பழைய பள்ளிக் கட்டடத்தைக் கெடுப்பது எது?

பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். சென்னையில் எந்தப் பழைய பள்ளிக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, "நூறு வருஷக் கட்டடம் சார், இனிமே தாங்காது." நான் பார்த்தவரை பெரும்பாலும் வயதைவிட அதிகம் கெடுத்தது, பிற்காலத்தில் அவசர அவசரமாக நடந்த மராமத்துதான்.

இவற்றில் பல மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மேலே சின்னச் சின்னச் செங்கற்களை நிறுத்தினாற்போல், கட்டைகளுக்கு மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். கம்பியே கிடையாது. தடித்த சுவர், உயரமான கூரை, அதையொட்டி வெண்டிலேட்டர், வெயில் நேராகச் சுவரில் விழாதபடி தாழ்வாரம் என்று எல்லாமே நம் வெக்கைக்காக யோசித்துச் செய்தவை.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சின் வழியே அதை வெளியே விட்டுவிடும். காரை உதிர்கிறதே என்று அதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஓதம் மேலே ஏறும், உப்புப் பூக்கும், உள்ளே செங்கல் மாவாகும். கூரையில் ஒழுகும் தண்ணீரும் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சுவருக்குள் செருகியிருக்கும் தேக்குக் கட்டையின் நுனி உளுத்துப்போகும். கீழே நின்று பார்த்தால் கட்டை பளபளவென்றுதான் இருக்கும், நுனியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் புதைந்துவிடும்!

ஒழுகும் கூரைமேல் இரண்டு அங்குலம் கான்கிரீட் போடுவது இன்னும் மோசம். 20க்கு 25 அடி வகுப்பறைக்கு அது மட்டுமே சுமார் ஐந்தரை டன் கூடுதல் பாரம். பல இடங்களில் ஒழுகலுக்குக் காரணம், மழைநீர்க் குழாயில் அடைத்த இலையும் கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றும்தான்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் எந்தத் தலைமையாசிரியருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். சந்தேகம் இருந்தால் முதலில் பிள்ளைகளை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். ஆனால் இடிக்கக் கையெழுத்துப் போடுமுன் சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளரை அழைத்து, ஒவ்வொரு கட்டையின் இரு நுனிகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உளுத்தது இரண்டு மூன்று கட்டைதான் என்றால், கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அவற்றை மட்டும் மாற்றலாம்.