நடுக்கடலில் யாருடைய டவர்?

தனுஷ்கோடி முனைக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. கால் ராமேஸ்வரம் தீவின் மணலில்தான் இருக்கும். போனிலோ இலங்கைக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வந்து விழும். தலைமன்னார் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், இடையில் மறிப்பதற்கு மரமோ மலையோ கிடையாது. போனுக்கு எல்லைக்கோடெல்லாம் தெரியாது. எந்த டவர் கிடைக்கிறதோ அந்த நாட்டில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும், கட்டணமும் அந்தக் கணக்கிலேயே ஏறும்.

சொகுசுக் கப்பலில் போய்வந்த பிறகு பில்லைப் பார்த்துத் தலை சுற்றுவதற்கும் இதே விதிதான் காரணம். ஒரே வித்தியாசம், அங்கே டவர் கப்பலுக்குள்ளேயே இருக்கிறது.

கப்பலின் தளங்களிலும் நடைவழிகளிலும் சிறிய மொபைல் ஆன்டெனாக்களைப் பொருத்தி வைத்திருப்பார்கள். நம் தெருமுனை டவர் செய்யும் வேலையையே இவையும் செய்கின்றன. தரையில் இருக்கும் பல டவர்களிலிருந்து கண்ணாடி இழைக் கம்பி கிளம்பும். கப்பலில் அதற்கு வழியில்லை. ஆகவே உங்கள் அழைப்பு கப்பல் கூரையில் உள்ள வெள்ளைக் குமிழுக்குள் இருக்கும் டிஷ் வழியாகச் செயற்கைக்கோளுக்கு ஏறி, எங்கோ ஒரு தரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து உலகத் தொலைபேசி வலைக்குள் நுழைகிறது. இந்தக் கடல் நெட்வொர்க்கை நடத்துவதற்கென்றே டெலினார் மேரிடைம், வயர்லெஸ் மேரிடைம் சர்வீசஸ் போன்ற தனி நிறுவனங்கள் உள்ளன.

ஒவ்வொரு மொபைல் நெட்வொர்க்கும் தன்னை அறிவித்துக்கொள்ளும்போது மூன்று இலக்க நாட்டு எண் ஒன்றையும் சேர்த்தே ஒலிபரப்பும். இந்தியாவுக்கு 404, 405. கடல் நெட்வொர்க்குகளுக்கு 901. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, சர்வதேச நெட்வொர்க்குகளுக்கான பொது எண். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் ரோமிங் பேக் போட்டுவிட்டேன்' என்று நிம்மதியாகக் கப்பல் ஏறுபவரின் போன், கரை மறைந்ததும் 901-ஐப் பிடிக்கிறது. அந்த பேக்கில் 901 இருக்காது. உடனே பேக் இல்லாதவருக்கான விலை ஓடத் தொடங்கிவிடும்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு எம்பிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய போன் கேமராவின் ஒரு படம் 3 அல்லது 4 எம்பி. சூரிய அஸ்தமனத்தை இருபது படம் எடுத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறீர்கள். ரோமிங்கிலும் பேக்கப் எடுக்க அனுமதித்திருந்தால் கூகுள் போட்டோஸ் அதன் கடமையைச் செய்கிறது: எழுபது எம்பி, 28,000 ரூபாய். நீங்கள் எதையும் திறக்கவில்லை, யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. பயனருக்குத் தெரியாமல் ஆப்கள் பின்னணியில் இழுக்கும் டேட்டாதான் இந்தப் பெரிய பில்களுக்கு மூலம். கப்பல் நெட்வொர்க் உங்கள் ஊர் நிறுவனத்துக்குக் கணக்கை அனுப்ப நேரம் பிடிக்கும் என்பதால், எச்சரிக்கைச் செய்தி வருவதற்குள் காரியம் முடிந்திருக்கவும் கூடும்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை' என்ற விதி கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்குப் பொருந்தாது. ஆனால் 2022-இன் திருத்திய விதிகள் ஏறக்குறைய 50 யூரோவில் டேட்டாவை நிறுத்தும் பாதுகாப்பை அங்கேயும் நீட்டித்தன. அது அந்த நாடுகளின் சிம் வைத்திருப்பவர்களுக்கு.

நமக்கு இருக்கும் மருந்து ஃபிளைட் மோட். கப்பல் நகரும் முன்பே அதைப் போட்டுவிட்டு, பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். டேட்டா ரோமிங்கை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டேட்டா நிற்கும், அழைப்பும் குறுஞ்செய்தியும் 901 வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பப்பட்டால், கப்பல் வரை வந்த ஒரு சர்வதேச அழைப்பு, அங்கிருந்து ஊருக்குத் திரும்பிய இன்னொன்று என இரண்டாகக் கணக்கு ஏறவும் வாய்ப்புண்டு. இரண்டு சிம் போடும் ஐபோன்களில் இன்னொரு பொறி இருக்கிறது. டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' ஆன் ஆகியிருந்தால், இ-சிம்முக்கு சிக்னல் இல்லாத நேரத்தில் போன், டேட்டா ரோமிங் அணைக்கப்படாத உங்கள் ஊர் சிம்முக்குத் தாவிவிடக்கூடும். அதை அணைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.

சரி, கரை பக்கத்தில் இருக்கும்போது கரையின் டவரையே பிடித்துக்கொள்ளலாமே? பிடிக்கலாம், கொஞ்ச தூரம் வரை. ரேடியோ அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகும், பூமியோ உருண்டை. கடலிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு அடிவானம் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மீனவருக்கு அந்த டவர் 30 கிலோமீட்டரில் மறைந்துவிடும். பயணக் கப்பலின் மேல்தளத்தில், கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அது 48 கிலோமீட்டர் வரை நேர்க்கோட்டில் இருக்கும். ஆனால் பழைய 2ஜி முறையில் 35 கிலோமீட்டரில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. டவரிலிருந்து தள்ளிப்போகப் போக, போன் தன் சிக்னலைச் சற்று முன்கூட்டியே அனுப்பினால்தான் தனக்குரிய நேரத்துண்டில் அது போய்ச் சேரும். இப்படி முன்கூட்டி அனுப்ப 63 படிகள், படிக்கு 550 மீட்டர். அதைத் தாண்டினால் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் டவர் ஏற்காது. 4ஜியில் இந்த வரம்பு 100 கிலோமீட்டர் வரை தளர்ந்துவிட்டதால், இப்போது பூமியின் வளைவும் போனின் சிறிய ஆற்றலும்தான் எல்லையை முடிவுசெய்கின்றன.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, பூக்கெட் போகும் கப்பல்கள் இதற்கு நல்ல களம். மலாக்கா நீரிணை ஃபிலிப் கால்வாய்ப் பகுதியில் 3 கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகிவிடும். ஒரு பக்கம் சிங்கப்பூரும் ஜொகூரும், மறுபக்கம் இந்தோனேசியாவின் தீவுகள். மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரு வட்டார இ-சிம் இருந்தால் முதல் சில மணி நேரம் மேல்தளத்தில் வாட்ஸ்அப் அழைப்பே பேசலாம். கேபினுக்குள் வந்தால் தொடர்பு போய்விடும். எஃகுச் சுவர் ரேடியோ அலையைப் பெரும்பாலும் திருப்பியடித்துவிடும். கப்பல் முழுக்க எஃகுதான்.

இந்த வழித்தடத்தில் கட்டணத்தைவிட வேறொன்று ஆபத்து. மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம். சுமத்ராவும் தாய்லாந்தும் ஒரு மணி நேரம் பின்னால். போன் சுமத்ரா டவரைப் பிடித்ததும் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். கப்பல் தன் சொந்தக் 'கப்பல் நேரத்தில்'தான் ஓடும், அதன்படிதான் கிளம்பும். பூக்கெட்டில் இறங்கிப் போன் காட்டும் நேரத்தை நம்பிக் கடைவீதியில் சாவகாசமாக நின்றால், கரைக்கும் கப்பலுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் டெண்டர் படகும் கப்பலும் போயிருக்கும். தானியங்கி நேர மண்டலத்தை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்துக்கான மண்டலத்தைக் கையால் வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

கப்பலின் சொந்த டவர் பொதுவாகக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது 22 கிலோமீட்டருக்குள், அணைக்கப்படும் என்று சொல்வார்கள். அந்த நாட்டின் ஆட்சி எல்லை அதுவரை நீள்கிறது, அலைவரிசை உரிமமும் அந்த நாட்டுடையது. ஆனால் எல்லா இடத்திலும் அதே கணக்கு இல்லை. ஐரோப்பிய விதி, கப்பல் கரையை 2 கடல் மைல் வரை நெருங்கும்வரை 2ஜியை அனுமதிக்கிறது. 2 முதல் 12 வரை கப்பலின் உள் ஆன்டெனாக்கள் மட்டும் இயங்கலாம். எனவே 'கரை தெரிகிறதே' என்று ஃபிளைட் மோடை எடுத்துவிடாதீர்கள். திரையில் நெட்வொர்க்கின் பெயரைப் பார்த்த பிறகு எடுங்கள்.

இனி வைஃபை. இதுவும் அதே செயற்கைக்கோள் வழிதான், ஆனால் விற்பவர் கப்பல் நிறுவனம். விலை முன்கூட்டியே தெரியும். பெரிய நிறுவனங்களில் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 டாலர் வரை. பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கினால் பொதுவாகக் குறைவு.

இந்தப் பணத்துக்குக் கிடைக்கும் வேகம், கப்பல் எந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய முறையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஒளியே அங்கே ஏறி இறங்க 0.24 வினாடி. கேள்வி போய்ப் பதில் வரப் பாதி வினாடி. கருவிகளின் தாமதமும் சேர்ந்து 0.6 என்று வையுங்கள். ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போது போன் முதலில் முகவரியைக் கேட்கிறது, பிறகு இணைப்பு கோருகிறது, பிறகு மறையாக்கச் சாவியைப் பரிமாறிக்கொள்கிறது, நான்காவதாகத்தான் பக்கத்தையே கேட்கிறது. நான்கு முறை போய்வந்தால் 2.4 வினாடி, அப்போதுதான் முதல் எழுத்தே வந்து சேரும். அலைவரிசை எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

2014-இல் ராயல் கரீபியன் நிறுவனம் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில், 8,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஓ3பி செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022-இல் அதே நிறுவனம் ஸ்டார்லிங்குக்கு மாறுவதாக அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஸ்டார்லிங்கின் உயரம் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். ஒளி ஏறி இறங்க 4 மில்லிசெகண்ட்கூட ஆகாது. செயற்கைக்கோள் ஒன்றுக்கொன்று லேசரால் பேசிக்கொள்வதால் நடுக்கடலில் அருகே தரை நிலையம் இல்லாவிட்டாலும் தகவல் நகர்ந்துவிடும். வேகம் கூடியது, விலை மட்டும் இறங்கக் காணோம். கப்பலுக்குள் போட்டிக் கடை கிடையாதே.

லேப்டாப்பில் அலுவலக வேலை பார்க்க நினைப்பவர்கள் கப்பலின் செயற்கைக்கோள் எது என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. காரணம் விபிஎன், அதாவது அலுவலக நெட்வொர்க்கோடு மறையாக்கம் செய்து பேசும் தனிப் பாதை. உயரத்துச் செயற்கைக்கோள் வைத்திருக்கும் கப்பல்களில் நடுவே ஒரு தரகர் மென்பொருள் உட்கார்ந்திருக்கும். மறுமுனையிலிருந்து 'கிடைத்தது' என்ற ஒப்புதல் வரும்வரை காத்திருக்காமல், தானே ஒப்புதல் சொல்லி உங்கள் கணினியைத் தொடர்ந்து அனுப்ப வைக்கும். விபிஎன் எல்லாவற்றையும் உறையிலிட்டு மூடிவிடுவதால் தரகருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, உதவவும் முடியாது. மற்றவர்களுக்கு மெதுவாக ஓடும் இணையம் உங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட நின்றேவிடக்கூடும். தாழ்வான சுற்றுப்பாதையில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. எதுவானாலும், விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் ஊர் திரும்பும்வரை காத்திருக்கும்.

இப்போதைய பேக்குகளில் பெரும்பாலும் எம்பி கணக்கு இல்லை, கருவிக் கணக்குதான். எனவே ஒரு குடும்பத்துக்கு நான்கு பேக் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றை வாங்கி, ஒரு போனில் லாக்-அவுட் செய்து இன்னொன்றில் நுழைவதைப் பல கப்பல்கள் அனுமதிக்கின்றன. உங்கள் கருவியைக் கப்பல் அடையாளம் காண்பது அதன் வைஃபை முகவரியால். புதிய போன்கள் தனியுரிமைக்காகப் பொய் முகவரி காட்டும்; அது இடையில் மாறினால் பணம் கட்டியவரையே கப்பல் புதியவராக நினைக்கும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் முகவரியை நிலையாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டாக்கி எல்லோருக்கும் பகிரலாமே என்ற யோசனை வரும். அதைக் கப்பலால் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு தகவல் பொதியும் ஓர் எண்ணோடு கிளம்புகிறது: விண்டோஸில் 128, போன்களில் 64. வழியில் ஒரு கருவியைத் தாண்டும்போது எண்ணில் ஒன்று குறையும். கப்பலின் வாசலுக்கு 63 வந்தால், பின்னால் இன்னொரு போன் ஒளிந்திருக்கிறது என்று பொருள். சில நிறுவனங்கள் பயண ரவுட்டரைத் தடைசெய்த பொருட்களின் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன. விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பேக்கே வாங்காமல் சில வேலைகள் நடக்கும். கப்பலின் சொந்த ஆப் அங்குள்ள சர்வரோடு மட்டும் பேசுவதால் பொதுவாக இலவசம். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சிகள் எல்லாம் அதில் பார்க்கலாம். படங்களைப் பக்கத்திலிருப்பவருக்கு ஏர்டிராப், குவிக் ஷேர் வழியாகக் கொடுக்க இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் சிக்னலைப் பெற மட்டுமே செய்வதால் ஃபிளைட் மோடிலும் வேலை செய்யும். வரைபடத்தை ஊரிலேயே தரவிறக்கி வைத்திருந்தால் கப்பல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நம்மவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் ஓடிபி. வங்கிக் குறுஞ்செய்தி சிம்முக்கு வர வேண்டும், சிம்மோ ஃபிளைட் மோடில் தூங்குகிறது. வைஃபை காலிங் இயங்கினால் குறுஞ்செய்தியும் அந்த வழியே வரக்கூடும், ஆனால் வெளிநாட்டில் அதற்கான விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும். ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு இந்தக் கவலை இல்லை. அது ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒரு முறை எண்ணைத் தானே கணக்கிடுகிறது, நெட்வொர்க் வேண்டாம். மின்னஞ்சல் கணக்குகளை முன்கூட்டியே அதற்கு மாற்றிவிடலாம். வங்கி வேலையைத் துறைமுகத்தில் இறங்கி, கரை டவரைப் பிடித்த பிறகு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.